அப்பாவின் கதை வந்த பேப்பர்

ஞாயிறு காலை ஸ்ரீ கெம்பாங்கானில் எங்கள் தெருவில் முதலில் கேட்பது ஒலிபெருக்கி கட்டிய லோரிதான். ‘சுராட் காபார் லாமா…’ என்று பழைய பேப்பர் எடுக்க வருகிறார்கள். அந்தக் குரல் கேட்டாலே அப்பா பேச்சை நிறுத்திவிடுவார். தோட்டத்து வீட்டைக் காலி செய்து நாங்கள் இங்கே வந்தபோது, தகரப் பெட்டியில் இருந்த பேப்பர் கட்டைப் பாட்டி அப்படியொரு லோரியில்தான் போட்டுவிட்டார். ‘தமிழ் நேசன்’ பத்திரிகையில் அப்பா எழுதிய ஒரே கதையும் அதோடு போய்விட்டது.

நரசிம்ம ஐயங்கார் 1924 செப்டம்பர் 10-ஆம் தேதி கோலாலம்பூரில் தொடங்கிய பத்திரிகை அது. அன்றைய கோலாலம்பூர் ஈயத்திலும் ரப்பரிலும் வளர்ந்துகொண்டிருந்த சிறு நகரம். தமிழர்களில் பெரும்பாலோர் இருந்ததோ தோட்டங்களில். பால்வெட்டு முடிந்த பிறகு எழுத்துத் தெரிந்த ஒருவர் லயத்து வாசலில் உட்கார்ந்து உரக்கப் படிக்க, மற்றவர்கள் சுற்றி உட்கார்ந்து கேட்பார்களாம். அப்பா சொல்லித்தான் எனக்குத் தெரியும். வானொலியில் நான் சம்பளம் வாங்கிக்கொண்டு செய்யும் வேலையை, அந்த மனிதர் ஒரு கோப்பை தேநீருக்குச் செய்திருக்கிறார்.

நேசன் செய்தி தந்ததோடு நிற்கவில்லை. வாசகர்களை எழுத வைத்தது. 1950-இல் சுப. நாராயணனும் பைரோஜி நாராயணனும் அதில் ‘கதை வகுப்பு’ நடத்தினார்கள். சிறுகதை எழுதுவது எப்படி என்று பத்திரிகையிலேயே பாடம்! அடுத்த சில ஆண்டுகளில் தமிழ்நாட்டிலிருந்து கு. அழகிரிசாமி ஆசிரியராக வந்தார். ‘ராஜா வந்திருக்கிறார்’ கதையை எழுதியவரேதான். ஆசிரியர் நாற்காலியோடு நின்றுவிடாமல், உள்ளூர் எழுத்தாளர்களைக் கூட்டி இலக்கிய வட்டம் நடத்தினார். 1970-களில் ஆசிரியர் முருகு சுப்பிரமணியன் சிறந்த கதைகளுக்குத் தங்கப் பவுன் பரிசு கொடுத்தார். தோட்டத்து இளைஞனுக்குப் பவுன் என்றால் சும்மாவா? அப்பா பேனா எடுத்தது அதற்காகத்தான். மறைக்காமல் ஒப்புக்கொள்வார்.

2019 ஜனவரி 31-ஆம் தேதி கடைசி இதழ் வெளிவந்தது. நட்டம் தாங்க முடியவில்லை. நூறாண்டை எட்ட ஆறாண்டுகூட முழுதாக இல்லை. ஊடகத் துறையில் பட்டம் வாங்கிய நானும் அந்தச் செய்தியைக் கைப்பேசியில்தான் படித்தேன். அதற்கு முந்தைய ஓராண்டில் எத்தனை நேசன் காசு கொடுத்து வாங்கினேன் என்று எண்ணிப் பார்த்தேன். ஒன்றுகூட இல்லை.

சிங்கப்பூர் ‘தமிழ் முரசு’ நாளிதழின் பழைய பக்கங்களை அந்நாட்டுத் தேசிய நூலகம் இணையத்தில் ஏற்றி வைத்திருக்கிறது. வீட்டிலிருந்தே புரட்டலாம். அதைக் காட்டியபோது அப்பா வெகுநேரம் பார்த்தார். “நம்ம பேப்பர் இப்படி வருமா?” என்றார். கதை வெளியான தேதியை எழுதித் தாருங்கள், நூலகங்களில் தேடிப் பார்க்கிறேன் என்றேன். தேதி நினைவில்லை. தீபாவளிக்குப் பிறகு, மழைக்காலம், அவ்வளவுதான்.

போன வாரம் அந்தக் கதையைச் சொல்லச் சொல்லி ஒலிப்பதிவு செய்தேன். கித்தா மரத்தடியில் மோதிரத்தைத் தொலைத்த ஒரு பெண்ணின் கதை. சிறு வயதில் எனக்குச் சொன்னபோது மோதிரம் கிடைத்தது. இந்த முறை கிடைக்கவில்லை. எது அச்சில் வந்தது என்று கேட்டேன்.

“பேப்பர் இருந்தால் பார்த்துச் சொல்லலாம்” என்றார்.