ஞானஸ்நானமும் திருமுழுக்கும்

கிறிஸ்து சபையிற் புகுவார்க்கு நீரினாற் செய்யப்பெறும் சடங்கினை நம் முன்னோர் ஞானஸ்நானம் என்றனர். 1995-ஆம் ஆண்டில் வெளிவந்த திருவிவிலியமோ அதனைத் திருமுழுக்கு என வழங்குகின்றது. வடசொல்லை விலக்கித் தமிழ்ச்சொல்லை இட்டதே இம்மாற்றம் என்பார் பலர். நாம் அவ்வளவில் அமைதல் கூடவில்லை. ஸ்நானம் என்பது அழுக்குப் போகக் குளித்தல். முழுக்கு என்பதற்கும் நீராடல் என்னும் பொருள் உண்டேனும், அதன் அடியாகிய முழுகுதல், நீருள் அமிழ்ந்து மறைதலைக் குறிக்கும். கழுவப்படுதல், மறைந்துபோதல் என்னும் இவ்விரு கருத்தும் அச்சடங்கினுள் ஒருங்கே உள்ளன.

மூலமாகிய கிரேக்க வினை அமிழ்த்துதலை உணர்த்துவது; கப்பல் கடலுள் அமிழ்தலையும் கிரேக்க வரலாற்றாசிரியர் அவ்வினையாலேயே கூறினர். பழைய ஏற்பாட்டின் கிரேக்க மொழிபெயர்ப்பில், குஷ்டரோகியாகிய நாகமான் யோர்தானில் ஏழுமுறை முழுகியதும் அச்சொல்லாற் கூறப்பட்டுளது. அங்கே கருத்து தூய்மையே. பவுலடியாரோ உரோமருக்கு எழுதிய நிருபத்தின் ஆறாம் அதிகாரத்தில், ஞானஸ்நானம் பெற்றவர் கிறிஸ்துவோடு மரித்து அடக்கம் பண்ணப்பட்டவர் என்கிறார். குளிப்பவன் நாளையும் குளிக்கலாம், இறப்போ ஒருமுறையே. ஆதலின் இச்சடங்கும் ஒருவனுக்கு ஒருமுறையே உரியதாயிற்று. கும்பகோணத்து மகாமகக் குளத்தில் முழுகுவோர் பன்னிரண்டு ஆண்டு கழித்து மீண்டும் வருவர்; தாமே முழுகித் தாமே எழுவர். ஞானஸ்நானம் பெறுவானோ மற்றொருவர் கையில் தன்னை ஒப்புவிக்கின்றான். பிணம் தன்னைத்தானே புதைத்துக்கொள்வதில்லை அன்றோ!

யூப்பிரத்தீசு நதிக்கரையிலிருந்த தூரா-யூரோப்பசு என்னும் ஊரில், சுமார் 240-ஆம் ஆண்டளவில் சபைக்கென மாற்றியமைக்கப்பட்ட ஒரு வீடு, 1932-ஆம் ஆண்டு அகழ்ந்தெடுக்கப்பட்டது. அதன் ஓர் அறையில் ஞானஸ்நானத் தொட்டியும், சுவரில் ஓவியங்களும் இருந்தன. அவற்றுள் ஒன்றில், விளக்கேந்திய பெண்கள் நிரையாகச் செல்கின்றனர். அவர்கள் ஆண்டவருடைய கல்லறையை நோக்கிச் செல்பவர் என்று அறிஞர் பலர் கொள்வர். அங்ஙனமாயின், நீரினுள் இறங்குவான் கண்முன் கல்லறையையே எழுதிவைத்தனர் என்பது பெறப்படும்.

நீர் எத்துணை வேண்டும் என்பதில் ஆதிச்சபையார் நம்மினும் நெகிழ்ச்சியுடையராயிருந்தனர். திதாகே என்னும் பழைய நூல், ஓடுகின்ற நீரே ஏற்றதென்றும், அஃதில்லையேல் வேறு நீரும், குளிர்ந்த நீர் ஆகாதேல் வெந்நீரும் கொள்ளலாமென்றும், எதுவும் போதாதேல் திரியேகரின் நாமத்தில் தலைமேல் மும்முறை ஊற்றினாற் போதும் என்றும் விதிக்கின்றது. தெளித்தலா முழுகுதலா என்று இன்று நிகழும் வாதத்தை அந்நூலாசிரியர் கேட்பின் வியப்பார் போலும்.

நிற்க. மரித்தவனுக்குச் சாதி ஏது? கலாத்தியருக்கு எழுதிய நிருபமும், ஞானஸ்நானம் பெற்றாரிடை அடிமை, சுயாதீனன் என்னும் வேற்றுமை இல்லை என்றே முடிவுசெய்கின்றது. 1707-ஆம் ஆண்டு மே மாதம் தரங்கம்பாடியில் சீகன்பால்கு ஐயர் காலத்து முதன்முதல் ஞானஸ்நானம் பெற்ற ஐவரும் அடிமைகளே. ஆயினும் அவ்வூர்ச் சபையிலேயே பின்னர்ச் சாதிக்கேற்ப இருக்கைகள் வேறாயின. நீரில் ஒன்றாய்ப் புதைக்கப்பட்டோர் ஆலயத்தில் வேறாய் அமர்ந்தது, சடங்கைப் பெற்று அதன் பொருளைக் கைவிட்டதேயாம். அவ்வேற்றுமை அக்காலத்தோடு ஒழிந்ததென்று சொல்ல நமக்கு நா எழவில்லை.

இனிக் குழந்தை ஞானஸ்நானம். கி.பி. 200-ஐ ஒட்டித் தெர்த்துல்லியன் அதனைத் தாமதித்தல் நன்று என்றார். அரைநூற்றாண்டு கழித்துச் சிப்பிரியான், எட்டாம் நாள்வரை தாமதித்தலும் வேண்டா என்றார். அகுஸ்தீனோ சிறுவயதில் நோயுற்று ஞானஸ்நானம் வேண்டி, நோய் தீரவே அது தள்ளிவைக்கப்பட்டு, 387-ஆம் ஆண்டு மிலான் நகரில் அம்புரோசு அத்தியட்சர் கையால் அதனைப் பெற்றார். 1525-ஆம் ஆண்டு சூரிக் நகரில் சிலர், அறிந்து விசுவாசித்தலே முன் வேண்டும் எனக்கொண்டு மறுபடியும் ஞானஸ்நானம் பெற்றனர். அவருள் பெலிக்ஸ் மான்சு என்பாரை நகரசபையார் 1527-ஆம் ஆண்டு லிம்மாத்து ஆற்றில் மூழ்கடித்துக் கொன்றனர். சீர்திருத்தம் பேசிய நகரமே இக்கொடுமை செய்தது.

இன்று அவ்வினா நம் விடுதி அறைகளிலும் எழுகின்றது. உமக்கு நினைவில்லாத ஞானஸ்நானம் உம்முடையதாகுமோ என்று முழுக்குச் சபைகளைச் சார்ந்த நண்பர் வினவ, விடைகாணாது கலங்குவார் உளர். 1947-ஆம் ஆண்டு தோன்றிய தென்னிந்தியத் திருச்சபை குழந்தைகட்கும் வளர்ந்தோர்க்கும் அதனை அளிக்கின்றது. பெற்றவர்க்கு இரண்டாவது அளிப்பதில்லை. அம்முறையே நமக்கு உடன்பாடு. தமிழையும் நாம் கேட்டுப் பெற்றிலேம். அதுபற்றி அது நம்முடையதன்று என்போமா? ஆயினும் தாய்மொழியும் கற்றாலன்றி வசமாவதில்லை. அங்ஙனமே, நம்பொருட்டுப் பிறர் சொன்ன விடையை நாமே சொல்லுதற்குத் திடப்படுத்தல் ஆராதனை அமைந்துளது. நண்பருடைய வினாவின் வன்மை புலப்படுவதும் அவ்விடத்திலேயே. பழஞ்சபையில் ஞானஸ்நானத்திற்கு முன் மூன்றாண்டு கற்பிக்கவேண்டுமென அப்போஸ்தலப் பாரம்பரியம் என்னும் நூல் விதித்தது. நம்மிற் பலர் திடப்படுத்தலுக்கெனக் கற்றது சில வாரங்களே.