லினக்ஸ் பழகலாம் – 11: ஸ்பீக்கர் இணைந்துவிட்டது, சத்தம் எங்கே?

போன வாரம் டெபியன் 12-ஐ நிறுவி, வைஃபை வரைக்கும் வந்துவிட்டோம். அடுத்து எல்லோரும் செய்வது பாட்டுப் போடுவதுதான். பலருக்கு லினக்ஸ் மேல் கோபம் வருவதும் இங்கேதான். புளூடூத் ஸ்பீக்கர் இணைந்துவிட்டதாகத் திரை சொல்கிறது; பாட்டோ லேப்டாப்பிலேயே ஓடிக்கொண்டிருக்கிறது.

லினக்ஸில் இணைப்பு ஒருவர் வேலை, ஒலி இன்னொருவர் வேலை. ஸ்பீக்கரைக் கண்டுபிடித்து ஜோடி சேர்ப்பது புளூஸ் என்ற மென்பொருள். லேப்டாப்பின் ஒலிச் சில்லோடு பேசுவது கெர்னலுக்குள் இருக்கும் ஆல்சா. எந்தச் செயலியின் சத்தம் எந்தக் கருவிக்குப் போக வேண்டும் என்று நடுவில் நின்று பிரித்து அனுப்புவது, டெபியன் 12-இன் க்னோம் திரையில், பைப்வயர்.

இந்த நடு இடத்துக்கு ஆள் அமைய வெகுகாலம் பிடித்தது. லெனார்ட் போட்டரிங் 2004-இல் தொடங்கிய பல்ஸ் ஆடியோ, 2007-இல் ஃபெடோரா 8-லும் 2008-இல் உபுண்டு 8.04-லும் இடம்பிடித்தது. பக்குவப்படும் முன்பே அது வந்துவிட்டது என்பது என் எண்ணம். லினக்ஸ் என்றாலே சத்தம் தகராறு என்ற பேச்சு ஊன்றிப்போனது அந்த வருடங்களில்தான். ஒலிப்பதிவுக் கூடத்துக்காரர்களோ ஜாக் என்று தனி வழி வைத்திருந்தார்கள். ரெட் ஹாட்டின் விம் டைமன்ஸ் முதலில் வீடியோவுக்காக எழுத ஆரம்பித்த பைப்வயர், இந்த இரண்டு வழிகளையும் ஒன்றாக்கியது. பல்ஸ் ஆடியோவுக்கு எழுதிய செயலியும் ஜாக்குக்கு எழுதிய செயலியும் ஒரு வரிகூட மாறாமல் அதோடு பேசுகின்றன. பழையதை உடைக்காமல் புதியதைக் கொண்டுவந்த இந்தப் பொறுமைக்காகவே அவரை மெச்ச வேண்டும். 2021-இல் ஃபெடோரா 34 இதை ஏற்றது, 1.0 பதிப்பு 2023 நவம்பரில் வந்தது.

சரி, நம் ஸ்பீக்கர். செட்டிங்ஸில் ‘சவுண்ட்’ பக்கம் போய், ‘அவுட்புட்’ பட்டியலில் ஸ்பீக்கரின் பெயரைத் தேர்ந்தெடுங்கள். பெரும்பாலும் இதோடு முடிந்துவிடும். பட்டியலில் பெயரே இல்லையென்றால், பைப்வயருக்கான புளூடூத் துணைப் பொதி நிறுவப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். டெபியனில் அது தனிப் பொதி.

இனி, பலரை ஸ்பீக்கரையே மாற்ற வைக்கும் சிக்கல். பாட்டு அருமையாக ஒலிக்கிறது. வீடியோ மீட்டிங்கில் நுழைந்த நொடியே அதே ஸ்பீக்கர் பழைய டெலிபோன் போலக் கரகரக்கிறது. ஸ்பீக்கர் பழுதில்லை. புளூடூத்தில் பாட்டுக்கான வழி ஏ2டிபி: ஸ்டீரியோ, நொடிக்கு 44,100 மாதிரிகள், ஆனால் ஒருவழிப் பாதை, மைக் கிடையாது. பேச்சுக்கான வழி எச்எஃப்பி: மைக் உண்டு, ஆனால் மோனோ, நொடிக்கு 8,000 அல்லது 16,000 மாதிரிகள்தான். மீட்டிங் செயலி மைக்கைக் கேட்டதும், பைப்வயரோடு வரும் வயர்பிளம்பர் உங்களைக் கேட்காமலே இரண்டாவது வழிக்கு மாற்றிவிடுகிறது.

இதைக் கண்ணால் பார்க்கலாம். ‘பல்ஸ் ஆடியோ வால்யூம் கண்ட்ரோல்’ என்ற சின்னச் செயலியை நிறுவுங்கள்; பைப்வயரிலும் அது வேலை செய்யும். கடைசித் தாவல் ‘கான்ஃபிகரேஷன்’. அங்கே ஸ்பீக்கரின் பெயருக்குக் கீழே ‘புரொஃபைல்’ பெட்டி. பாட்டு ஓடும்போது அதில் ஏ2டிபி என்றிருக்கும். மீட்டிங் தொடங்கியதும் ‘ஹெட்செட்’ என்று மாறிவிடும். மாற்றுகிற பொறுப்பு உங்கள் கையிலும் இருக்கிறது: பெட்டியைத் திறந்து மறுபடி ஏ2டிபியைத் தேர்ந்தெடுங்கள். மீட்டிங் செயலியில் மைக்காக லேப்டாப்பின் சொந்த மைக்கைக் கொடுங்கள். மற்றவர்கள் குரல் ஸ்பீக்கரில் முழுத் தெளிவோடு வரும், உங்கள் குரல் லேப்டாப் வழியாகப் போகும். அப்படியும் தானாக மாறிக்கொண்டே இருந்தால், வயர்பிளம்பரின் அமைப்புக் கோப்பில் அந்தத் தானியங்கி மாற்றத்தை நிறுத்தி வைக்கலாம்.

(தொடரும்)