கூன் எங்கே தொடங்குகிறது?

அறுபதைத் தாண்டிய அம்மா, "இந்த நைட்டி என்னவோ தரையில புரளுது" என்று சொன்னால், அவரைச் சுவரோரம் நிற்கவைத்து உயரத்தை அளந்து பாருங்கள். இளவயதில் இருந்ததைவிட 4 செ.மீ. குறைந்திருந்தால், முதுகில் ஓர் எலும்பு நொறுங்கியிருக்கக்கூடும்.

விழாமல், அடிபடாமல் எலும்பு எப்படி நொறுங்கும்? கழுத்திலிருந்து இடுப்புவரை 24 முள்ளெலும்புகள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கப்பட்டிருக்கின்றன. ஒவ்வொன்றுக்கும் வெளியே மெல்லிய ஓடு. உள்ளே எலும்பு இழைகளால் ஆன பின்னல். கட்டடத்துக்குக் கட்டும் சாரத்தைப்போல அதில் நெடுக்குக் கம்புகளும் அவற்றைப் பிணைக்கும் குறுக்குக் கம்புகளும் உண்டு. எலும்பின் அடர்த்தியைக் குறைக்கும் எலும்புப்புரை நோய் (ஆஸ்டியோபோரோசிஸ்) குறுக்குக் கம்புகளைத்தான் முதலில் அரிக்கும். பிடிப்பிழந்த நெடுக்குக் கம்புகள், குனிந்து ஒரு குடம் தண்ணீரைத் தூக்கும்போதுகூட மடங்கிவிடும். முள்ளெலும்பின் முன்பக்கம் அமுங்கி ஆப்புபோல ஆகும். இப்படி இரண்டு மூன்று ஆப்புகள் சேர்ந்தால் முதுகு முன்னால் சாய்கிறது. வயதானால் வருவதுதானே என்று நாம் விட்டுவிடும் கூன்களில் பல இப்படி வந்தவை.

வலித்தால் வாயுப்பிடிப்பு என்று தைலம் தேய்க்கிறோம். இவ்வகை முறிவுகளில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு மருத்துவரின் கவனத்துக்கே வருவதில்லை. எனக்கு ஆறாத வருத்தம் இதுதான். ஒன்று நொறுங்கியவருக்கு அடுத்ததும் நொறுங்கும் ஆபத்து பல மடங்கு அதிகம்; அந்த ஆபத்தைக் குறைக்க மருந்துகளும் இருக்கின்றன.

எலும்பில் பழையதை அரிக்கும் செல்களும் புதியதைக் கட்டும் செல்களும் ஓயாமல் வேலை செய்கின்றன. மாதவிடாய் நின்று ஈஸ்ட்ரோஜன் குறைந்ததும் அரிப்பு முந்திக்கொள்கிறது. ஆண்களுக்கும் இந்த நோய் வரும், சற்றுத் தாமதமாக. டெக்சா ஸ்கேன் சில நிமிடங்களில் எலும்பின் அடர்த்தியைச் சொல்லிவிடும். அது தரும் டி-ஸ்கோர் என்ற எண் மைனஸ் 2.5 அல்லது அதற்குக் கீழே போனால் எலும்புப்புரை.

எலும்பைக் கட்டக் கால்சியம் வேண்டும்; 100 கிராம் கேழ்வரகில் சுமார் 350 மி.கி. இருக்கிறது. அதைக் குடல் சரியாக உறிஞ்ச வைட்டமின் டி வேண்டும். சுமை தாங்காத எலும்பு கரையும்; எடையற்ற நிலையில் இருக்கும் விண்வெளி வீரர்கள் எலும்பின் அடர்த்தியில் மாதத்துக்கு ஒரு சதவீதத்துக்கு மேல்கூட இழக்கிறார்கள். அதனால் நடப்பதும், கையூன்றாமல் நாற்காலியிலிருந்து எழுந்து உட்காருவதும் எலும்புக்கான வேலைகளே.

ஏற்கெனவே முள்ளெலும்பு நொறுங்கியவர்கள் மட்டும் குனிந்து பாதம் தொடும் ஆசனங்களைத் தவிர்க்க வேண்டும். கீழே கிடப்பதை எடுக்கும்போது முதுகை வளைக்காமல் முழங்காலை மடக்கி, பொருளை மார்போடு அணைத்தபடி எழ வேண்டும்.