உழவு இயந்திரத்தின் எண்ணெய் வலுவாற் பிற கருவிகளை இயக்கலாமா?

உழவு இயந்திரத்திற் கலப்பையை உயர்த்தித் தாழ்த்தும் எண்ணெய் அமுக்கத்தை, அதாவது ஹைட்ரோலிக் வலுவை, நீரிறைக்கும் பம்பி போன்ற சுழலும் கருவிகளுக்கும் பயன்படுத்தலாமா எனக் கமக்காரர் பலர் வினவுகின்றனர். வினா நியாயமானதே. கனடா போன்ற நாடுகளிற் குளிர்காலத்திற் பாதையிற் குவியும் பனியை அள்ளி எறியும் பொறியை உழவு இயந்திரத்தின் முன்புறத்திற் பூட்டுவதுண்டு. பி.ரி.ஓ. எனப்படும் வலுவெடுக்கும் தண்டோ பின்புறத்தில் உள்ளது. ஆகவே சிலர் இறப்பர்க் குழாய்வழியே எண்ணெயைச் செலுத்தி, முன்புறத்தில் ஒரு ஹைட்ரோலிக் மோட்டாரைச் சுழற்றி அப்பொறியை இயக்குகின்றனர். பனி நமக்கில்லை, அவர்கள் எதிர்கொள்ளும் இடர் மட்டும் நமக்கும் உண்டு.

அவ்விடர் யாதெனில், வலுக் குறைவு. எண்ணெயின் அமுக்கத்தைச் சதுர அங்குலத்துக்கு இத்தனை இறாத்தல் எனவும், ஓட்டத்தை நிமிடத்துக்கு இத்தனை லீற்றர் எனவும் எடுத்து, இரண்டையும் பெருக்கி 6,500 ஆற் பிரித்தால், எண்ணெய் தாங்கிச் செல்லும் குதிரைவலு ஏறக்குறையக் கிடைக்கும். 2,500 இறாத்தல் அமுக்கமும் 40 லீற்றர் ஓட்டமும் உள்ள இயந்திரத்தில் இது 15 குதிரைவலு அளவாகும். குழாயிலும் மோட்டாரிலும் இழப்புப்போகப் பம்பியைச் சேர்வது 12 அளவே. 45 குதிரைவலு இயந்திரமாயின், அதுவே தன் தண்டின் வழியே 35 குதிரைவலுவுக்குக் குறையாது தரும். பழைய இயந்திரங்களின் எண்ணெய் ஓட்டம் 40 லீற்றரிலும் மிகக் குறைவு. உங்கள் இயந்திரத்தின் அளவைக் கைந்நூலிற் பார்த்துக் கணக்கிட்ட பின்னரே பணத்தைச் செலவிடுக.

இழந்த வலு எங்கே போகிறது? வெப்பமாகி எண்ணெயில் தங்குகிறது. மூன்று குதிரைவலு இழப்பென்பது இரண்டு மின்னழுத்திகளை எண்ணெய்த் தாங்கிக்குள் இட்டு நாள் முழுவதும் சூடேற்றுவதற்கு ஒப்பாகும். கலப்பையைத் தூக்குவது சில விநாடி வேலை. நீரிறைப்பது பல மணி நேர வேலை. பல இயந்திரங்களிற் பற்சில்லுப் பெட்டிக்கும் இதே எண்ணெயே உதவுவதால், அது கொதித்து நீர்த்துவிடின் கேடு பம்பியோடு நில்லாது. சிறுபோகத்தில் இவ்வாறு இறைத்த கமக்காரர் ஒருவர், காலபோக உழவுக்குக் கலப்பை மேலெழாமல் தவித்ததை நான் கண்டேன்.

எனவே, வாய்க்காற் கரையில் இயந்திரத்தின் பின்புறத்தைத் திருப்பி நிறுத்த இடமிருப்பின், பம்பியைத் தண்டிலேயே பூட்டுக. தண்டு நிமிடத்துக்கு 540 முறை சுழல்வது. அதன் மூடியைக் கழற்றி வைப்பது பெரும் பிழை. சாரத்தின் தொங்கலை அது பற்றினால், இயந்திரத்தை நிறுத்துமுன் ஆளையும் இழுத்துவிடும்.

வரம்போரப் புல்லைப் பக்கவாட்டில் நீண்டு வெட்டும் கருவி போன்ற, தண்டு எட்டாதவற்றுக்கே எண்ணெய் வலு பொருந்தும். அப்போதும், தண்டினாற் சுழலும் தனிப் பம்பியும் பெரிய எண்ணெய்த் தாங்கியும் வேண்டும். மோட்டாரிலிருந்து திரும்பும் எண்ணெய் தடையின்றித் தாங்கியை அடைதல் அவசியம். பாரமான கத்திகள் சுழலும்போது வால்வைத் திடீரென மூடினால், மோட்டாரே பம்பியாகிக் குழாயைப் பிளக்கும்.

குழாயிற் கசிவைக் கையாற் தடவிப் பார்த்தல் கூடாது. ஒரு மட்டைத் துண்டைப் பிடித்துப் பாருங்கள். ஊசித் துளையினூடு பாயும் எண்ணெய் தோலைத் துளைத்து உட்செல்லும். காயம் முட்குத்துப் போற் சிறிதாகவும் நோவற்றதாகவும் தோன்றலாம். ஆயினும் அன்றே, தாமதியாது, சத்திரசிகிச்சை செய்யும் வைத்தியசாலைக்குச் சென்று, எண்ணெய் உட்புகுந்ததெனச் சொல்லுங்கள்.