கட்டபொம்மன் என்றதும் ஏன் மெய்சிலிர்க்கிறது?

பாஞ்சாலங்குறிச்சியில் 1974-இல் எழுப்பப்பட்ட நினைவுக் கோட்டைக்குள் நுழைந்ததுமே பலருக்கு மெய்சிலிர்க்கிறது. ஆங்கிலேயரை எதிர்த்த பாளையக்காரர் கட்டபொம்மன் தூக்கிலிடப்பட்டதோ 1799-இல். இந்த உணர்ச்சி எங்கிருந்து வருகிறது?

குழந்தைப் பருவத்திலிருந்து.

1959-இல் வெளியான ‘வீரபாண்டிய கட்டபொம்மன்’ படத்தின் வசனத்தைப் பள்ளி மேடைகளில் முழங்கியே பலர் வளர்ந்தார்கள். வரலாறு புரியும் முன்பே அந்தப் பெயரும் கைதட்டலும் பெருமிதமும் ஒன்றாகப் பதிந்துவிடுகின்றன.

அச்சமும் இப்படியே பதியும். 1920-இல் அமெரிக்க உளவியலாளர் ஜான் வாட்சன், ஒரு குழந்தை வெள்ளை எலியைத் தொடும்போதெல்லாம் பேரொலி எழுப்பினார்; பிறகு எலியைக் கண்டாலே அது அழுதது. முயலுக்கும் அஞ்சியது. இன்று அனுமதிக்கவே முடியாத சோதனை அது.

மூளையில் உணர்ச்சியைப் பதியவைக்கும் அமிக்டலா என்ற பகுதி சிறுவயதிலேயே இயங்குகிறது. சீர்தூக்கிப் பார்க்கும் முன்நுதல் பகுதி முதிர ஏறக்குறைய 25 வயதாகிறது. கட்டபொம்மனைக் காட்டிக்கொடுத்தவராகச் சொல்லப்படுபவர் எட்டயபுரத்து எட்டப்பன்; எட்டயபுர வரலாற்றை விரிவாகப் படித்தவர்களுக்கும் அந்தப் பெயர் வசையாகவே ஒலிப்பது இதனால்தான் போலும்.