ஒரே கணினி, இரண்டு கணக்குப்பிள்ளைகள்

ஆம்பூர், ராணிப்பேட்டைப் பக்கத்து டேனரிகளில் எல்லாத் தண்ணீரையும் ஒரே வாய்க்காலில் விடக் கூடாது. தோலை ஊறவைத்த உப்புத் தண்ணீர் வெயிலில் வற்றவைக்கும் பாத்திகளுக்குப் போக வேண்டும். குரோம் தண்ணீரைத் தனியே சேர்த்து, மெக்னீசியம் ஆக்சைடு போட்டுக் குரோமியத்தைப் படியவைத்து மீட்கலாம். மிச்சம் பொது சுத்திகரிப்பு நிலையத்துக்கு. எல்லாம் ஒன்றாய்க் கலந்த பிறகு பிரித்தெடுப்பது பெரும்பாடு.

கணினிக்குள்ளும் இப்படி வாய்க்கால்கள் உண்டு. 2011-இல் தமிழக அரசு மாணவர்களுக்குக் கொடுக்கத் தொடங்கிய மடிக்கணினிகளில் விண்டோஸோடு பாஸ் லினக்ஸும் இருந்தது. சி-டாக் என்ற அரசு நிறுவனம் உருவாக்கிய பாஸ், டெபியன் என்ற லினக்ஸ் இயங்குதளத்தின் வழி வந்தது. டெபியனில் மென்பொருளைக் கொண்டுவந்து சேர்ப்பது ஆப்ட். எந்தத் தொகுப்பு, எந்தப் பதிப்பு, எந்தெந்தக் கோப்புகள், எது எதை நம்பி நிற்கிறது என்று எல்லாமே ஒரு பதிவேட்டில் ஏறும். நீக்குவதும் புதுப்பிப்பதும் அதைப் பார்த்துத்தான்.

இப்போது பைத்தான் நிரல்மொழி படிக்கும் மாணவி ஒருத்தி, பிப் என்ற வேறொரு நிறுவியை நிர்வாகி அதிகாரத்தோடு ஓட்டுகிறாள் என்று வைத்துக்கொள்வோம். ஆப்ட் ஏற்கெனவே வைத்திருக்கும் நூலகத்தின் புதிய பதிப்பு, 'லோக்கல்' என்ற அடைவில் வந்து உட்காரும். ஆப்டின் பதிவேட்டில் அதற்கு ஒரு வரிகூட ஏறாது. பழைய கோப்பு பத்திரமாக அதன் இடத்திலேயே இருக்கும். ஆனாலும் கணினியின் சொந்தக் கருவி ஒன்று திடீரெனப் படுத்துவிடலாம்! பைத்தான் நூலகத்தைத் தேடும்போது 'லோக்கல்' அடைவைத்தான் முதலில் பார்க்கும்; பழைய பதிப்புக்காக எழுதிய கருவியின் கையில் புதியது சிக்கிக்கொள்ளும். ஆப்டைக் கேட்டால், எல்லாம் சரியாக இருப்பதாகவே சொல்லும். அதன் கணக்குப்படி அது உண்மையும்கூட.

அதனால்தான் 2023-இல் வந்த டெபியன் 12-இல், பொது இடத்தில் நிறுவச் சொன்னால் பிப் மறுத்துவிடுகிறது. ஒவ்வொரு வேலைக்கும் தனி மெய்நிகர்ச் சூழல் அமைத்துக்கொள்ளச் சொல்கிறது.

நெதர்லாந்தின் ஈல்கோ டோல்ஸ்ட்ரா உருவாக்கிய நிக்ஸ் என்ற நிறுவி இன்னும் ஒருபடி மேலே போனது. ஒவ்வொரு தொகுப்புக்கும் தனி அடைவு; அந்தத் தொகுப்பு எவற்றைக் கொண்டு உருவானதோ அவற்றிலிருந்து கணக்கிட்ட குறியீடு அடைவின் பெயரிலேயே இருக்கும். ஒரே நூலகத்தின் பத்துப் பதிப்புகள் இருந்தாலும் ஒன்றையொன்று இடிக்காது. வட்டில் இடம்தான் கூடுதலாகச் செலவாகும். டேனரியில் தனி வாய்க்கால் வெட்டவும் காசு ஆகத்தானே செய்கிறது?