டொலேடோ பேராலயத்தின் மரச் சிற்பங்கள்

வரலாற்றை ஏட்டிலும் கல்லிலும் தேடிப் பழகிய நாம், அதனை மரத்தில் தேடுவது அரிது. ஸ்பெயின் நாட்டு டொலேடோ நகரப் பேராலயத்தில் அத்தகைய மரவரலாறு ஒன்று உண்டு. அரபியர் துலைத்துலா என வழங்கிய அந்நகர் 1085ஆம் ஆண்டில் ஆறாம் அல்போன்சோ மன்னன் வசமாயிற்று. நகரின் பெரிய பள்ளிவாசல் நின்ற இடத்திலேயே 13ஆம் நூற்றாண்டில் இன்றைய பேராலயம் எழும்பத் தொடங்கியது.

அதனுள் குருமார் அமர்ந்து வணக்கப் பாக்களை ஓதுவதற்கென இரண்டு அடுக்கு இருக்கைகள் உள. கீழடுக்கை ரோட்ரிகோ அலெமான் என்னும் சிற்பி 1489 முதல் 1495 வரை அக்ரூட் மரத்தில் செதுக்கினார். 'அலெமான்' என்பதற்கு ஜெர்மானியர் என்பது பொருள். மேலடுக்கு, பெருகேத்தே, பிகார்னி ஆகிய இருவரும் 16ஆம் நூற்றாண்டில் படைத்தது. கலை நயத்தில் அதனையே பலர் உயர்த்திப் பேசுவர். நம்மை ஈர்ப்பதோ கீழடுக்கே.

அவ்விருக்கைகளின் முதுகுப் பலகைகளில் 54 புடைப்புச் சிற்பங்கள் உள்ளன. வேதக் காட்சிகளை எதிர்பார்த்துச் செல்வோர் அங்கே காண்பது கிரனாடாப் போரினை! அல்ஹமா, ரோந்தா, மாலகா என வீழ்ந்த ஊர்கள் வரிசையாகத் தோன்றுகின்றன, ஊர்ப்பெயர்களும் பொறிக்கப்பட்டுள்ளன. மதில்கள், பீரங்கிகள், ஏணிகள், தலைப்பாகை அணிந்த காவலர், திறவுகோலைக் கையளிக்கும் தலைவர் எனக் காட்சிகள் விரிகின்றன. சிற்பி உளியை எடுத்தபோது போர் முடிந்திருக்கவில்லை. கிரனாடா பணிந்தது 1492 ஜனவரி 2ஆம் நாளில்தான். கண்முன் நடந்துகொண்டிருந்த போரே உடனுக்குடன் மரத்தில் ஏறியது எனலாம்.

ஆயினும் இது வென்றவர் எழுதுவித்த ஏடு என்பதை நாம் மறத்தலாகாது. அந்நாளில் டொலேடோவின் பேராயராக விளங்கிய கர்தினால் மெந்தோசா, அப்போரில் தாமே பங்கு கொண்டவர். பலகைகளில் திறவுகோல் கைமாறுவதோடு ஓர் ஊரின் கதை முடிந்துவிடுகிறது. அதன்பின் நிகழ்ந்தவற்றை நாம் வேறிடத்தில்தான் படித்தறிய வேண்டும். 1487இல் மாலகா வீழ்ந்தபின் அந்நகர மக்களுள் பெரும்பாலோர் அடிமைகளாக்கப்பட்டனர். கிரனாடா முஸ்லிம்களின் சமயத்தைக் காப்பதாக 1491இல் எழுதிக்கொடுத்த உடன்படிக்கையோ பத்தாண்டுகளுக்குள் காற்றில் பறந்தது. கட்டாய மதமாற்றம் தொடர்ந்தது. மாறியவர்களின் வழித்தோன்றல்களும் 1609 முதல் 1614 வரை நாடு கடத்தப்பட்டனர்.

எனினும் அச்சிற்பங்களை ஒதுக்கிவிட நமக்கு மனமில்லை. அக்காலத்து உடையையும் படைக்கலத்தையும் முற்றுகை முறையையும் ஆராய்வோர்க்கு அவை இன்றும் அரிய சான்றுகள். மதிலின் ஒவ்வொரு கல்லையும் மெய்யென நம்பிவிடாமல், எழுத்து ஆவணங்களோடு ஒப்பிட்டே அவற்றைப் படித்தல் வேண்டும்.